எடின்பரோவிலிருந்து கார் இல்லாமல் ஓர் அரைநாள் வட்ட நடை: மெல்ரோஸ் ஊரும் எயில்டன் குன்றுகளும்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. எடின்பரோவிலிருந்து கார் இல்லாமல் போய், ஒரு சிற்றூரில் தொடங்கி அதே ஊரில் முடிகிற அரைநாள் நடை ஏதாவது உண்டா? அக்டோபரில் உங்களைப் பார்க்க வரும் 61 வயது அம்மாவை அதற்கு அழைத்துப் போகலாமா? வேலி போட்ட வயல்களுக்குள் நடந்தால் யாராவது சண்டைக்கு வருவார்களா? இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாத ஒரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழிகாட்டி யாரும் இல்லாமல் நாமாகவே போய், பொழுது சாய்வதற்குள் பத்திரமாகத் திரும்பிவிட முடியுமா என்பதுதான் அது. புதிதாக இங்கே வந்த காலத்தில் எனக்கும் அதே பயம் இருந்தது. பதினேழு வருடங்களாக வார இறுதிகளில் இந்தப் பக்கத்துக் குன்றுகளில் நடக்கிறேன். குழுக்களை மலைக்கு அழைத்துச் செல்வதற்கான பயிற்சியும் எடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: முடியும். நான் உங்களுக்குச் சொல்லும் ஊர் மெல்ரோஸ்.

முதலில் வேலி விஷயத்தை முடித்துவிடுவோம், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலத்திலும் நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் நடமாடும் உரிமை தருகிறது. 2005 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் படித்த நண்பர்கள் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். அது அங்கத்திய சட்டம், இங்கே நிலைமை வேறு. வீட்டைச் சுற்றியுள்ள தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை மட்டும் இந்த உரிமைக்குள் வராது. பயிருள்ள வயலின் ஓரமாக நடக்கலாம். கேட் மூடியிருந்தால் கடந்த பிறகு மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே புகுந்து போகாதீர்கள். ஊரில் மாடு பார்த்து வளர்ந்தவர்கள் இங்குள்ள மாட்டையும் சாதுவாக எண்ணிக்கொண்டு நேராக நடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கன்று ஈன்ற பசு எங்கேயும் ஒன்றுதான். சுற்றிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மெல்ரோஸ் போவது எளிது. எடின்பரோ வேவர்லி நிலையத்திலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயில் போகிறது, பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1969-இல் மூடப்பட்ட பழைய தடத்தின் வடபகுதிதான் 2015 செப்டம்பரில் மீண்டும் திறக்கப்பட்டு இப்போது ஓடுகிறது. ட்வீட்பேங்க்தான் கடைசி நிலையம், தவறி இறங்க வழியில்லை. அங்கிருந்து மெல்ரோஸ் சுமார் 3 கி.மீ. பஸ் உண்டு, ட்வீட் ஆற்றங்கரையோரம் நடந்தும் போகலாம், அழகான வழி. ஆனால் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். போகவும் வரவும் அந்த 3 கி.மீ. நடந்தால், அரைநாள் நடை முழுநாள் நடையாகிவிடும். காலையில் பஸ்ஸில் போய்விட்டு, மாலையில் தெம்பும் வெளிச்சமும் மிச்சமிருந்தால் ஆற்றோரம் நடந்து ரயிலுக்கு வாருங்கள் என்பதே என் யோசனை. ரயில், பஸ் நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சேவையும் குறைவு. கிளம்புவதற்கு முந்தின இரவு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நடை. மெல்ரோஸின் தலைக்கு மேலே எயில்டன் என்ற மூன்று குன்றுகள் நிற்கின்றன. நடுக்குன்று 422 மீட்டர், வடகுன்று 404, மேற்குக்குன்று 371. கடைவீதிச் சதுக்கத்திலிருந்து டிங்கில்டன் சாலையில் தெற்கு நோக்கி ஏறுங்கள். பழைய ரயில் நிலையக் கட்டடத்தையும் புறவழிச் சாலைப் பாலத்தின் அடியையும் தாண்டியதும், இடப்பக்கம் வீடுகளுக்கு நடுவே 'செயின்ட் கத்பர்ட் வழி' என்ற பலகை தெரியும். மெல்ரோஸிலிருந்து இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவு வரை 100 கி.மீ. போகிற நெடும்பாதை அது. நமக்கு அதன் முதல் துண்டு மட்டும் போதும். பாதை கொஞ்சம் இறங்கி ஓர் ஓடையைத் தாண்டி, நீண்ட படிக்கட்டாக ஏறும். நடையின் தொடக்கத்திலேயே மூச்சு வாங்கும் இடம் இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள். பேசிக்கொண்டே ஏற முடியாத வேகம் என்றால் அது உங்களுக்கு அதிக வேகம். படிகள் முடிந்ததும் வயலோரப் புல்வெளி, பிறகு ஒரு கேட், அதற்கு அப்பால் திறந்த மலை. பாதை நேராக வடகுன்றுக்கும் நடுக்குன்றுக்கும் இடையிலுள்ள கணவாய்க்குக் கொண்டுபோய் விடும்.

இந்த நடையை நான் தேர்ந்தெடுத்ததே அந்தக் கணவாய்க்காகத்தான். வட்ட நடையில் ஒரு பொறி உண்டு. பாதி தூரம் கடந்துவிட்டால் திரும்பிப் போவதும் முன்னே போவதும் ஒரே தூரமாகிவிடுகிறது. அதனால் வானம் கறுத்தாலும், கால் நொந்தாலும், 'இனி எதற்குத் திரும்புவது' என்று மனம் முன்னேயே தள்ளும். நான் பார்த்த சிக்கல்களில் பாதி இப்படித் தொடங்கியவைதான். எயில்டனில் அப்படியில்லை. கணவாயில் நிற்கும்போது நீங்கள் இன்னும் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. வலப்பக்கம் நடுக்குன்று, இடப்பக்கம் வடகுன்று, முதுகுக்குப் பின்னால் வந்த வழி. நல்ல நாளானால் இரண்டு குன்றும் ஏறலாம், காற்று பலமாக இருந்தால் வடகுன்று மட்டும், மேகம் இறங்கிவிட்டால் வந்த வழியே ஊருக்கு. அங்கே ஐந்து நிமிடம் நின்று, தேநீர் குடித்து, கடிகாரத்தையும் மேற்கு வானத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மழையும் காற்றும் இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும்.

நடுக்குன்றின் ஏற்றம் சிறியது, ஆனால் செங்குத்து. காலுக்கடியில் செந்நிறச் சரளை உருளும். உச்சியில் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நினைவாக வைத்த திசைகாட்டிப் பீடம் இருக்கிறது. தெளிவான நாளில் தெற்கே இங்கிலாந்து எல்லையிலுள்ள செவியட் மலைகளும், கிழக்கே சமவெளியில் தனித்து நிற்கும் ஸ்மெயில்ஹோம் கோபுரமும், கீழே வளைந்து ஓடும் ட்வீடும் தெரியும். பிறகு அதே வழியாகக் கணவாய்க்கு இறங்கி வடகுன்றில் ஏறுங்கள், அது எளிது. வடகுன்றின் கிழக்குத் தோளில் இறங்கும் பாதை, கீழே வண்டிகள் ஓடாத பழைய சாலைக்குக் கொண்டுவரும். அந்தச் சாலையோரம் 'ரைமர் கல்' என்ற நினைவுக்கல் நிற்கிறது. அங்கிருந்து மேற்கே நடந்தால் ஊர். ஒவ்வொரு திருப்பத்தையும் நான் எழுத்தில் தராததற்குக் காரணம் உண்டு. மலையில் ஆட்டுத்தடங்கள் ஏராளம், எழுத்தை நம்பி நடப்பவரை அவை எளிதில் ஏமாற்றிவிடும். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 338-ஆம் எண் வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், போனிலும் இறக்கி வையுங்கள். போனில் மட்டும் வைத்திருப்பது போதாது. குளிரில் பேட்டரி நாம் நினைப்பதைவிட விரைவில் தீரும்.

நேரக் கணக்கு. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். இன்றைய அளவில் சொன்னால், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். இரண்டு குன்றும் சேர்ந்த வட்டம் ஏறக்குறைய 8 கி.மீ., ஏற்றம் சுமார் 400 மீட்டர். கணக்குப்படி இரண்டே கால் மணி நேரம் வரும். ஆனால் நெய்ஸ்மித் கணக்கு நிற்காமல் நடக்கும் திடமான ஆளுக்கானது. படம் எடுக்க, சாப்பிட, சட்டை மாற்ற, வழி பார்க்க என்று சேர்த்தால் முதல்முறை போகிறவர்களுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன். அக்டோபரில் தேதியும் முக்கியம். மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்படும். அதற்கு முந்தின நாள் சூரியன் மறைவது ஐந்தே முக்கால் மணியை ஒட்டி. மறுநாளிலிருந்து நாலேமுக்காலுக்கு முன்பே. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தைக் கவனிக்காமல் மதியம் ஒரு மணிக்கு மலையேறத் தொடங்கி, இருட்டில் போன் வெளிச்சத்தில் இறங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. பதினோரு மணிக்குள் சதுக்கத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

அம்மா விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், அவர் முழங்காலை நேரில் பார்த்தவன் அல்லவே. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர், இறங்கும்போது மட்டும் முழங்கால் வலிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேர நடைப் பழக்கம் இந்த ஏற்றத்துக்குப் போதும். ஆனால் முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான், நடுக்குன்றின் சரளை இறக்கம் குறிப்பாக. அவரைக் கணவாய் வரை மெதுவாக அழைத்துப்போய் வந்த வழியே திரும்பலாம். அப்போதும் அந்தப் படிக்கட்டில் இறங்கியாக வேண்டும். நடைக்கோல் இரண்டு இருந்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. அம்மாவோடு வேறு யாராவது இருந்தால், அவர்கள் மெல்ரோஸிலிருந்து பழைய சாலை வழியாகவே ரைமர் கல் வரை வரட்டும். தளம் போட்ட சாலை, காரும் வராது, ஏற்றம் இதமானது. நீங்கள் மலை வழியாக இறங்கி வந்து அங்கே சேர்ந்துகொள்ளலாம். ஒருமுறை இரண்டு குடும்பங்களை இப்படிப் பிரித்து அழைத்துச் சென்றேன். கல்லருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாட்டி, மலையிலிருந்து இறங்கி வரும் பேரனைத் தூரத்திலேயே கண்டு கையசைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கல்லைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல நல்ல கதை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எர்சில்டூன், அதாவது இன்றைய எர்ல்ஸ்டன் ஊரில் 'ரைமர்' என்று அழைக்கப்பட்ட தாமஸ் என்றொருவர் வாழ்ந்தார், இதில் ஐயமில்லை. அவர் எயில்டன் மரத்தடியில் படுத்திருந்தபோது தேவதைகளின் ராணி வெள்ளைக் குதிரையில் வந்து தன் உலகுக்கு அழைத்துச் சென்றாள் என்றும், ஏழு ஆண்டு கழித்துத் திரும்பியபோது பொய்யே பேச முடியாத நாவை வரமாகப் பெற்றிருந்தார் என்றும் நாட்டுப்பாடல் சொல்கிறது. மரம் இப்போது இல்லை. கல்லும் பழங்காலத்தது அல்ல, அந்த இடத்தை நினைவில் வைக்க உள்ளூர் இலக்கியச் சங்கம் இருபதாம் நூற்றாண்டில் நட்டது. மூன்று குன்றுகளைப் பற்றியும் ஒரு கதை உண்டு: மைக்கேல் ஸ்காட் என்ற மந்திரவாதி ஏவிய பூதம் ஒரே மலையை இரவோடு இரவாக மூன்றாகப் பிளந்ததாம்.

குன்றுகளை 'அணைந்த எரிமலைகள்' என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலெழுந்த பாறைக்குழம்பு வெளியே பீறிடாமல் மணற்பாறை அடுக்குகளுக்கு இடையே உறைந்து நின்றது. மேலிருந்த மென்மையான பாறை தேய்ந்துபோக, உள்ளே உறைந்த கடினப் பாறை குன்றாக வெளிப்பட்டது. நடுக்குன்றில் உங்கள் பூட்ஸுக்கடியில் உருளும் செந்நிறக் கல் அதுதான்.

வடகுன்றின் உச்சியை மட்டும் வேகமாகக் கடந்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய மலைக்கோட்டைகளுள் ஒன்று அங்கே புல்லுக்கடியில் கிடக்கிறது. வட்டவட்டமான அரண்மேடுகளும், அவற்றுக்குள் குடிசை போடச் சரிவில் வெட்டிய சிறு தளங்களும் உண்டு, தளங்கள் மட்டும் முந்நூறு அளவில் எண்ணப்பட்டிருக்கின்றன. நண்பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது, வெறும் புல்வெளி. அக்டோபரில் இரண்டு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து நிழல் சாயும்போது, பிறை வடிவப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். முதன்முறை அதைப் பார்த்தபோது, ஒரு ஊரே கண்ணெதிரே திரும்பி வருவதுபோல இருந்தது எனக்கு. அகழ்வாய்வில் வெண்கலக் காலப் பிற்பகுதியைச் சேர்ந்த சான்றுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அத்தனை வீடுகளிலும் ஒரே காலத்தில் மக்கள் வாழ்ந்தார்களா, ஆண்டு முழுதும் இருந்தார்களா, விழாக்காலத்தில் மட்டும் கூடினார்களா என்பது இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு காற்றடிக்கும் உச்சியில், தண்ணீருக்குக் கீழே இறங்க வேண்டிய இடத்தில், குளிர்காலம் முழுதும் குழந்தைகளோடு இருந்திருப்பார்களா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். பழைய நூல்கள் இதை செல்கோவே இனத்தின் தலைநகர் என்று அடித்துச் சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரோமானியர்கள் வந்தது மட்டும் உறுதி. கி.பி. 80 வாக்கில் கீழே இன்றைய நியூஸ்டெட் அருகே பெரிய கோட்டை கட்டி, அதற்கு 'ட்ரைமோன்டியம்', மூன்று குன்றுகளின் இடம், என்று பெயர் வைத்தார்கள். வடகுன்றின் உச்சியில் அவர்களுடைய காவல் கோபுரத்தின் தடமும் இருக்கிறது. 1905 முதல் 1910 வரை ஜேம்ஸ் கர்ல் என்ற மெல்ரோஸ் வழக்கறிஞர் அந்தக் கோட்டையைத் தோண்டியெடுத்தார். அங்கே கிடைத்த குதிரைப்படைத் தலைக்கவசங்கள் எடின்பரோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நடைக்கு முன்பே ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள், மலைமேல் நிற்கும்போது அதன் அருமை தெரியும். ஊருக்குள் இருக்கும் மடாலயத்தை 1136-இல் முதலாம் டேவிட் மன்னர் நிறுவினார். ராபர்ட் ப்ரூஸ் மன்னரின் இதயம் அங்கே புதைந்திருப்பதாகச் சொல்வார்கள். 1996-இல் ஓர் ஈயப் பேழை கிடைத்தது, 1998-இல் மரியாதையோடு மீண்டும் புதைக்கப்பட்டது, இரண்டும் உண்மை. உள்ளே இருப்பது அவருடைய இதயமேதான் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். இணையத்தில் குன்று முழுதும் ஊதா நிறமாக இருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஹெதர் என்ற அந்தக் குறுஞ்செடி பூப்பது ஆகஸ்டில். அக்டோபரில் அது பழுப்பு. அதற்குப் பதில் பெரணி துருநிறமாகவும், லார்ச் மரங்கள் பொன்னாகவும் இருக்கும், எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். சதுக்கத்தில் 12 டிகிரி இருந்தால் உச்சியில் 9 இருக்கலாம், காற்றோடு சேர்த்தால் உடல் அதைவிட மிகக் குறைவாக உணரும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மழை ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையுறை, ஒரு கூடுதல் ஸ்வெட்டர், சூடான தேநீர் ஃபிளாஸ்க், ஒரு டார்ச், ஒரு விசில். தயிர்சாதம் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் உட்கார்ந்து டப்பாவைத் திறக்க முடியாத குளிரும் வரும், கடலை மிட்டாயோ பேரீச்சையோ பையில் இருக்கட்டும். வீடு திரும்பியதும் கணுக்கால், முழங்காலுக்குப் பின்பக்கம் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன்மூலம்தான் வருகிறது, அக்டோபரிலும் உண்ணி இருக்கும். யாருக்காவது அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம்.

மேகம் உச்சியை மூடியிருந்தால் நடுக்குன்றை விட்டுவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வதற்கு என் அனுபவமே காரணம். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், 'தெரிந்த மலைதானே' என்று திசைகாட்டியைப் பையிலேயே வைத்துக்கொண்டு மூடுபனியில் உச்சியிலிருந்து இறங்கினேன். கணவாய் வர வேண்டிய இடத்தில் மரங்கள் வந்தன. எதிர்ப்புறமாக, தெற்கே பௌடன் கிராமத்துப் பக்கம் இறங்கிவிட்டிருந்தேன். ஆபத்து ஒன்றுமில்லை, மலையைச் சுற்றி மெல்ரோஸ் வந்து சேர இருட்டிவிட்டது, அவ்வளவுதான். உடன் இருந்த நண்பர் முழங்கால் சரியில்லாதவராக இருந்திருந்தால் அதே தவறு வேறு மாதிரி முடிந்திருக்கும். உச்சியைவிட்டுக் கிளம்பும் முன் வரைபடத்தையும் திசைகாட்டியையும் ஒருமுறை சேர்த்துப் பார்ப்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

நீங்கள் தேதி இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் கடிகாரம் மாறுவதற்கு முந்தின சனிக்கிழமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த சனிக்கிழமையை மாற்று நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தின மாலை வானிலை முன்னறிவிப்பில் மழையைவிடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். உச்சியில் மணிக்கு 40 மைலுக்கு மேல் காற்று என்றால் மலை வேண்டாம். அன்றைக்கு அம்மாவோடு மடாலயத்தைப் பார்த்துவிட்டு, 1826-இல் கட்டிய சங்கிலித் தொங்குபாலம் வரை ஆற்றோரம் நடந்து வாருங்கள். ரைமர் கல்லில் சந்திப்பதாக இருந்தால் நேரத்தை முன்கூட்டியே பேசிவைத்து, அரைமணிக்கு மேல் தாமதமானால் யார் என்ன செய்வது என்பதையும் சதுக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள், சரிவுகளில் போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.